மன்றாட்டுப் பக்கத்தில் பேரும் ஊரும்

கரியாலூர் பக்கம் மலைமேல் ஒரு மாதா கோயில் இருக்கிறது. அதில் நான் கோயில் பிள்ளை. மணி அடிப்பேன், பெருக்குவேன், பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பேன். எட்டாவது வரை படித்தவன், ஐம்பது வயதைத் தாண்டியவன். சனிக்கிழமை நவநாள் பூசையில் மன்றாட்டுகளை மைக்கில் படிப்பதும் நான்தான்.

மன்றாட்டு என்பது சீட்டு. பேர், ஊர், என்ன வேண்டும் என்பதை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அதை நான் நோட்டில் ஏற்றி, சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொன்றாகப் படிப்பேன். இன்னார், இன்ன ஊர், மூட்டு வலி தீர. இன்னார், இன்ன ஊர், பிள்ளைக்கு வேலை கிடைக்க. பேர் வந்ததும் அந்த ஆள் நிமிர்ந்து உட்காருவார். பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அதற்காகவே கீழ்நாட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் உண்டு. ஒரு பேர் விட்டுப்போனால் பூசை முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு அம்மா, "என் பேரைப் படிக்கல, மாதா யாருக்குன்னு குடுப்பாங்க?" என்று கேட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நீர்வீழ்ச்சி பார்க்க வருகிற கூட்டம் கோயிலுக்கும் வர ஆரம்பித்தது. பங்குச் சாமியார் ஒரு வெப்சைட் போடலாம் என்றார். கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டு கிட்ட கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற பெண் போட்டுக் கொடுத்தாள். பூசை நேரம், வழி, நான்கு படம். கூடவே ஒரு மன்றாட்டுப் பக்கம். வர முடியாதவர்கள் போனிலேயே எழுதலாம், அதையும் நான் நோட்டில் ஏற்றிப் படிப்பேன்.

அன்றைக்கு அவள் என்னைக் கேட்டாள். இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"அண்ணா, பேரும் ஊரும் பக்கத்துல தெரியணுமா, இல்ல உங்களுக்கு மட்டும் வந்தா போதுமா?"

"தெரியணும்மா. பேர் இல்லாம யாருக்குன்னு மன்றாடுறது?"

அவள் அப்படியே செய்தாள். யார் எழுதினாலும் பேரோடு, ஊரோடு பக்கத்தில் வந்து நிற்கும். கீழே 'நானும் மன்றாடுகிறேன்' என்று ஒரு பட்டன். ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. சாமியாரும் மெச்சினார். சொன்னது நான்தான் என்று எனக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஒன்றரை வருஷம் போனது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அந்தப் பெண் போன் செய்தாள். மலையில் சிக்னல் கம்மி. கொடிமரத்துக்குப் பின்னால் நின்றால்தான் பேச்சு கேட்கும்.

"அண்ணா, மன்றாட்டு எழுதுறாங்களே, அந்தப் படிவத்தை நமக்கு அனுப்புற கம்பெனி கடுதாசி போட்டிருக்கான். வர்றவங்க கிட்டேர்ந்து இன்னா இன்னா விவரம் எடுக்குறோம்னு எழுதி ஒரு பக்கம் வெக்கணுமாம். இல்லன்னா படிவத்தை நிறுத்திடுவானாம்."

"நாம இன்னாத்த எடுக்குறோம்? ஒண்ணும் எடுக்கலையே."

"நீங்க ஒரு தடவை வாங்க."

சாமியாரிடம் சொன்னேன். "நீதானய்யா தெனம் பாத்துக்கினு இருக்கற. நீயே போயி எழுதிக்கினு வா" என்றார்.

வியாழக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் முதல் பஸ்ஸில் இறங்கினேன். சென்டரில் ஆதார் திருத்த வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டாள். எங்கிருந்தோ எடுத்த மாதிரிக் காகிதம் ஒன்றைக் காட்டினாள். ஆறு பக்கம். நான் மெதுவாகப் படித்தேன். ஒரு இடத்தில் நின்றேன்.

"'உங்கள் விவரங்களை எங்கள் பங்குதாரர்களுடன் பகிரலாம்'. யாரும்மா அது?"

"தெரியலண்ணா. எல்லாரும் இதத்தான் போடுறாங்க."

"நம்ம கோயிலுக்குப் பங்குதாரர் யாரும் இல்லையே."

"இல்ல."

"அப்ப எடுத்துடு. இல்லாதத எழுதக் கூடாது."

"இதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன்" என்று சிரித்தாள். "நாமளே எழுதுவோம். மொதல்ல நம்ம சைட்டு இன்னா எடுக்குதுன்னு பாத்துடுவோம்."

திரையில் வேறு ஒரு பக்கம் திறந்தாள். நான் அதுவரை பார்த்ததே இல்லை. வரிவரியாக இருந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு ஆள் என்றாள். எத்தனை மணிக்கு வந்தார், எந்த ஊர்ப்பக்கம் இருந்து, என்ன போன், எந்தப் பக்கத்தைத் திறந்தார், எவ்வளவு நேரம் பார்த்தார்.

"இதெல்லாம் யாரு எழுதுறாங்க?"

"யாரும் எழுதல. தானா பதிஞ்சுக்கும். நான் சைட்டு போடும்போதே இது சேந்து வந்துடுச்சு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதச் சொல்லத்தான் இந்தக் காயிதம்."

"ஒரே ஆளு ரெண்டாந்தரம் வந்தா?"

"அதுவும் தெரியும். வோட்டு போட்டா வெரல்ல மை வெக்கிறாங்கல்ல, அந்த மாதிரி போன்ல ஒரு அடையாளம் வெச்சுடும். அடுத்த தரம் வந்தா அதே போன்னு கண்டுக்கும்."

கோயில் வாசலில் ஒரு ஆள் ஒளிந்து நின்று வருகிறவர் போகிறவரை எல்லாம் குறித்துக்கொண்டு இருப்பது போலத் தோன்றியது. ஒன்றரை வருஷமாக நிற்கிறான். சம்பளம் கொடுக்காமல் நாங்கள் வைத்த ஆள்.

அவள் வரிகளை இறக்கிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் கை நின்றது.

"இது இன்னாண்ணா, ஒரே மன்றாட்ட ஒருத்தர் தெனம் பாக்குறாரு."

எண்ணிப் பார்த்தோம். பன்னிரண்டு நாளில் நாற்பத்தொரு தடவை. ஒரே போன். ஊர் திருக்கோவிலூர் என்று காட்டியது. மற்ற மன்றாட்டு எதையும் அந்த போன் திறக்கவில்லை.

"எந்த மன்றாட்டு?"

திறந்தாள். மூன்று வாரம் முன்னால் நானே மைக்கில் படித்தது. ஒரு பெண்ணின் பேர், இனிஷியலோடு. ஊர் வடக்கனந்தல். கீழே இப்படி இருந்தது: 'கணவருக்குத் தெரியாமல் பெண் குழந்தையோடு வந்து இங்கே மாவு மில்லில் வேலை செய்கிறேன். அவர் கண்ணில் படாமல் இருக்கவும், அடித்த பயம் குழந்தைக்குத் தெளியவும் மாதாவிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.'

அன்றைக்குப் படிக்கும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. நூறு சீட்டில் ஒன்று. பேர், ஊர், வேண்டுதல். அடுத்தது.

"எப்படி வந்திருக்காரு இந்தப் பக்கத்துக்கு?" என்று கேட்டேன்.

வேறு எதையோ தட்டினாள். "கூகுள்ல இன்னா தட்டி வந்தாங்கன்னு சில நேரம் காட்டும்" என்றாள். காட்டியது. அந்தப் பெண்ணின் பேர்தான். இனிஷியலோடு.

வெளியே பஸ்காரன் சேலம் சேலம் என்று கத்திக்கொண்டிருந்தான்.

"அந்தம்மாவே தன் மன்றாட்டு இருக்குதான்னு பாக்கலாம்லண்ணா? ஊர் சரியா காட்டாது. டவர் எங்கியோ அதத்தான் சொல்லும்."

"இருக்கலாம்."

அவளும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. படிவத்தில் கொடுத்திருந்த நம்பருக்கு அவள் போனிலிருந்து அடித்தாள். சுவிட்ச் ஆஃப்.

"இத எடுத்துடறேன்" என்று மவுஸைத் தொட்டாள்.

"இரு" என்றேன். "அது ஒண்ண மட்டும் எடுத்தா, பாக்குற ஆளுக்கு இன்னா தெரியும்?"

யோசித்தாள். முகம் மாறியது. "அது நெசம்னு தெரியும். நாம பாத்துட்டோம்னும் தெரியும்."

"எல்லாத்தையும் எடு."

"எல்லாமா? முன்னூறுக்கு மேல இருக்குதுண்ணா. ஜனங்க சண்டைக்கு வருவாங்க."

"வரட்டும். என்கிட்டதான வருவாங்க."

எல்லாவற்றையும் எடுத்தாள். மன்றாட்டுப் பக்கம் வெள்ளையாக நின்றது. ஆனால் நாற்பத்தொரு தடவை பார்த்தவன் அதை மனப்பாடமாகவே வைத்திருப்பான். போட்டோ எடுத்திருப்பான். எடுத்தது எங்களுக்குத்தான் மனசு ஆற.

மலைக்குப் போகிற பஸ் வடக்கனந்தல் வழியாகத்தான் போகும். அங்கே இறங்கினேன். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது, முகம் பார்த்ததில்லை. நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. டீ சொல்லிவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டேன்.

"மாவு மில்லுல வேலை செய்றாங்களாம் ஒரு அம்மா. பொட்டப்புள்ள ஒண்ணு கூட. புதுசா வந்தவங்க."

"அவங்களா? தோ அந்தச் சந்துல போங்க. மூணாவது வூடு, பச்சை கதவு. இன்னிக்கு மில்லு லீவு, வூட்டுலதான் இருப்பாங்க."

டீ ஆறுவதற்குள் வீடு தெரிந்துவிட்டது. நான் யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குடிக்காமல் டம்ளரை வைத்துவிட்டு நடந்தேன். எனக்கு இவ்வளவு சுலபம் என்றால் திருக்கோவிலூர்க்காரனுக்கும் இவ்வளவு சுலபம்தான்.

பச்சைக் கதவைத் தட்டினேன். உள்ளே சத்தம் நின்றது. திறக்கவில்லை.

"மலைக் கோயில்லேர்ந்து வர்றேம்மா. கோயில் பிள்ளை. மைக்ல படிக்கிறவன்."

ஒரு கை அகலம் திறந்தது. முப்பது வயது இருக்கும். பின்னால் ஒரு சின்னப் பெண் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. வாசலிலேயே நின்று சொன்னேன். எனக்குச் சுற்றிச் சொல்ல வராது. நீ எழுதியது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது, ஒரே போனிலிருந்து தினம் யாரோ பார்க்கிறார்கள், உன் பேரைத் தேடி வந்திருக்கிறார்கள், திருக்கோவிலூர் என்று காட்டுகிறது.

"அது நீயாம்மா?"

"என்கிட்ட போனே இல்லீங்க ஐயா. பக்கத்து வூட்டுப் பொண்ணு போன்ல ஒரு தரம் எழுதினேன். அவ்ளோதான்."

"திருக்கோவிலூர்ல யாரு?"

அவள் குழந்தையைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது.

"நீங்க மைக்ல படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"பேரும் ஊரும்?"

"பேரும் ஊரும்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. "படிப்பீங்கன்னுதான் எழுதினேன்" என்றாள். "எல்லாரும் பாக்குற மாதிரி வெளிய வரும்னு தெரியல. உங்க நோட்டுக்கு வரும்னு நெனச்சேன்."

உள்ளே போனாள். ஒரு பை எடுத்தாள். துணி, குழந்தையின் ஸ்கூல் நோட்டு, ஒரு சோற்றுக் குண்டான். குண்டானை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கால் மணி நேரம் ஆகவில்லை. வந்ததும் இப்படித்தான் வந்திருப்பாள் போல. எதை எடுப்பது என்று கைக்குத் தெரிந்திருந்தது.

"போலீஸ்ல சொல்லலாம்மா. மகளிர் ஸ்டேஷன் இருக்குது. நான் கூட வர்றேன்."

"ஒரு தரம் போனேன் ஐயா. பேசி அனுப்பி வெச்சாங்க. அவர் கூடவே."

பஸ் நிறுத்தம் வரை பையைத் தூக்கினேன். பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் என் மறுபக்கம் வந்து நடந்தாள். நானும் ஒவ்வொரு பைக்கையும் பார்த்தேன். எந்த முகத்தைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது.

"எங்க போறேன்னு சொல்ல மாட்டேன். கோச்சிக்காதீங்க."

"சொல்லாத. எனக்கு வேணாம்."

பஸ் வந்தது. நான் போர்டைப் பார்க்காமல் திரும்பி நின்றேன். பஸ் கிளம்பி, சத்தம் அடங்கும்வரை திரும்பவில்லை.

கோயிலுக்கு வந்ததும் சாமியாரிடம் சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நானுந்தானய்யா சரின்னு சொன்னேன்" என்றார். மன்றாட்டு நோட்டுகள் அலமாரியில் இருந்தன. பேர், ஊர், சில இடத்தில் போன் நம்பர். எத்தனையோ குடும்பத்தின் நோய், கடன், குடி, வழக்கு எல்லாம் என் கையெழுத்தில். தூபக்காலில் கரி மூட்டி, ஒவ்வொரு தாளாகப் போட்டேன். அலமாரி காலியாகும்வரை போட்டேன்.

சனிக்கிழமை வந்தது. நவநாளுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் பாய் விரித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கையில் துணிக்கடை கவர். மெழுகுவர்த்தி ஏற்றினார், கொஞ்ச நேரம் முழங்காலில் இருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நீங்கதான் கோயில் பிள்ளைங்களா?"

"ஆமாங்க."

"திருக்கோவிலூர்லேர்ந்து வர்றேன். உங்க வெப்சைட்டுல மன்றாட்டு எல்லாம் போடுவீங்களே. இப்ப ஒண்ணையும் காணோம்."

பாயை உதறுவது போல் குனிந்துகொண்டேன். என் முகத்தை அவர் பார்க்கக் கூடாது.

"எல்லாத்தையும் எடுத்துட்டோங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். புதுசா மாத்துறாங்க."

"இன்னா காரணம்?"

"அவ்ளோ எனக்குத் தெரியாதுங்க. நான் பெருக்குற ஆளு."

அவர் சிரித்தார். "பெருக்குற ஆளு கண்ணுல படாதது ஒண்ணு இருக்குமா? நோட்டுல எழுதி வெச்சிருப்பீங்களே."

"படிச்சு முடிஞ்சா எரிச்சுடறதுங்க."

வியாழக்கிழமையிலிருந்து அது உண்மை. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கவரின் வாய் திறந்திருந்தது. உள்ளே ஒரு சின்னக் கவுன், ரோஸ் கலர். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு பயம் வந்தது. நான் தப்பு செய்துவிட்டேனோ என்று. இந்த ஆளை எனக்குத் தெரியாது. அவள் எழுதிய மூன்று வரிதான் தெரியும். பிறகு அந்தக் குழந்தை புடவையைப் பிடித்திருந்த பிடி ஞாபகம் வந்தது. பாயை விரித்தேன்.

"வடக்கனந்தல் போனேன்" என்றார், சும்மா பேசுகிற மாதிரி. "பச்சை கதவு பூட்டிக் கெடக்குது. யாரோ பெரியவர் வந்து இட்டுக்கினு போனாருன்னு டீக்கடைல சொன்னாங்க."

"அப்படிங்களா."

"பெரியவருக்கு உங்க வயசு இருக்குமாம்."

அடுத்த பாயை எடுத்து விரித்தேன். அந்த நேரம் பின்னறையிலிருந்து சாமியார் வந்தார். "இன்னாய்யா, மணி அடிக்கலயா?" என்றார். நேரம் ஆகவில்லை. அது சாமியாருக்கும் தெரியும். நான் போய் மணி அடித்தேன். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் அடித்தேன். கீழ் வீடுகளில் இருந்தவர்கள் என்ன என்று ஏறி வந்துவிட்டார்கள். கோயில் நிறைய ஆள் ஆனது.

வந்தவர் போகவில்லை. பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

பெட்டியைத் திறந்து சீட்டுகளை எடுத்தேன். அவருடையது மேலேயே இருந்தது. அழகான கையெழுத்து. அவள் பேர், குழந்தை பேர், இருவரும் வீடு திரும்ப, பார்த்தவர்கள் இந்த நம்பருக்குச் சொல்ல. மைக்கில் படித்தால் மலை முழுக்கக் கேட்கும். நாலு ஊர் ஜனம் உட்கார்ந்திருக்கிறது. அதில் யாராவது ஒருவர் எந்த பஸ்ஸிலாவது அவளைப் பார்த்திருக்கலாம்.

சாமியாரிடம் காட்டினேன். "பேர் வேணாம்" என்றார் மெதுவாக. "யார் பேரும் வேணாம். இனிமே எப்பவும்."

மைக்கைப் பிடித்தேன். உடம்பு சுகமில்லாத ஒருவருக்காக. வேலை தேடும் ஒரு பிள்ளைக்காக. பிரிந்திருக்கும் ஒரு குடும்பத்துக்காக, அதில் பயந்திருப்பவர்களுக்காக. இப்படியே படித்தேன். முன் வரிசையில் முணுமுணுப்பு வந்தது. ஒருவர் சத்தமாகவே, "இன்னாய்யா, பேரை முழுங்கிட்டியா?" என்றார். ஜனம் சிரித்தது. கடைசி வரிசையில் அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அந்தக் காகிதத்தை எழுதி முடித்தோம். ஒரு பக்கம்கூட வரவில்லை. 'இங்கே மன்றாட்டு எழுதுகிறவர் பேர், ஊர், நம்பர் தர வேண்டாம். எழுதியதைக் கோயில் பிள்ளை ஒருவர் மட்டும் படிப்பார். நவநாள் முடிந்ததும் அழித்துவிடுவார். எழுதியது எங்கள் கைக்கு வருவதற்கு முன் படிவக் கம்பெனி வழியாக வருகிறது. அங்கே அது எத்தனை நாள் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதனால் உங்களைக் காட்டிக்கொடுக்கும் எதையும் எழுத வேண்டாம். முன்பு இந்த வெப்சைட் தன்னிடம் வருகிறவர்களின் ஊர், நேரம், போன் ஆகியவற்றைக் குறித்து வைத்தது. இப்போது குறிப்பதில்லை. முன்பு குறித்ததற்கு மன்னிக்க வேண்டும்.' கடைசி வரி வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னாள், யாரும் அப்படி எழுதுவதில்லை என்று. நான் இருக்கட்டும் என்றேன்.

திருக்கோவிலூர்க்காரர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது வருகிறார். மெழுகுவர்த்தி ஏற்றுகிறார், சீட்டுப் போடுகிறார், கடைசி வரிசை. என்னிடம் பேசுவதில்லை. நான் பஸ் ஏறினால் சில நேரம் அதே பஸ்ஸில் இருக்கிறார். கள்ளக்குறிச்சிக்கு நான் இப்போது அவசியம் இருந்தால்தான் போகிறேன். போனாலும் கோயில் வேலைக்கு மட்டும்.

போன வாரம் சென்டர் பெண் கேட்டாள்.

"அண்ணா, அந்தக் கணக்கு எடுக்குறத மறுபடி போட்டா அவரு இன்னும் தேடுறாரான்னு தெரியும். ஒருவேளை அந்தம்மா எங்கிருந்தாவது பக்கத்தத் தொறந்தா அதுவும் தெரியும். நல்லா இருக்காங்கன்னு நிம்மதி ஆகும்ல."

எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. ஒரு வரி போதும். எங்கேயோ ஒரு போன், ஒரு ஊர், ஒரு நேரம். உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும். ஆனால் எனக்குத் தெரிந்தால் அது எங்கேயோ எழுதி இருக்கும். எழுதி இருந்தால் இன்னொருவரும் படிப்பார்.

"வேணாம்மா" என்றேன்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. குழந்தை ஸ்கூலுக்குப் போகிறதா, தெரியாது. கடைசி வரிசையில் இருப்பவர் ஒரு நாள் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்துக் கேட்பார் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைக்கிறேன். அன்றைக்கு நான் தெரியாது என்று சொல்வேன். எத்தனை அடித்தாலும் அதற்கு மேல் என்னிடம் சொல்ல எதுவும் இல்லை.